தூரிகைக் கோடுகளை நம்பாமல் ஒருவர் சீன மை ஓவியம் வரைய முடியுமா?

முடியும். தைவான் ஓவியர் லியு குவோசுங் அதைச் செய்து காட்டியவர்.

1932இல் சீனாவில் பிறந்தார். போரில் தந்தையை இழந்து, 1949இல் தைவான் போனார். முதலில் மேற்கத்திய எண்ணெய் வண்ணத்தில்தான் மூழ்கியிருந்தார். பிறகு, பிறரைப் போலச் செய்வது படைப்பாகாது என்று உணர்ந்து மைக்குத் திரும்பினார்.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை அவருடைய காகிதத்தில் இருக்கிறது. 1960களில் முரட்டு நார்கள் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைத் தனக்கென்றே செய்யச் சொன்னார். அதில் பெரிய தூரிகையால் மையை வீசி இழுப்பார். பின் நார்களைப் பிய்த்தெடுப்பார். நார் இருந்த இடத்தில் மை ஏறாததால் வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சும். பாறை வெடிப்பில் தங்கிய பனிபோல இருக்கும் அவை. காலங்காலமாகக் கருங்கோட்டால் வரைந்த மலையை இவர் வெண்கோட்டால் வரைந்துவிட்டார்! எனக்கு இதுவே அவருடைய ஆகப்பெரிய சாதனை.

1968 கடைசியில் அப்பல்லோ 8 விண்கலம் நிலவைச் சுற்றி எடுத்த படங்கள் அவரை உலுக்கின. மறு ஆண்டே மலைக்கு மேல் வட்டக் கோள்கள் மிதக்கும் விண்வெளித் தொடரைத் தொடங்கினார். நீர்ப்பரப்பில் மையை மிதக்கவிட்டுக் காகிதத்தில் ஒற்றியெடுக்கும் முறையையும் பின்னாளில் கையாண்டார். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார்.

அசல் ஓவியத்தைப் பார்க்க வாய்த்தால் அருகே போய் அந்த வெண்கோடுகளைப் பாருங்கள். அச்சில் அந்தக் கிழிசலின் உயிர் தெரிவதில்லை.