அது மீன்கொத்தி இல்லைங்க

வணக்கங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பில், தரையில் தத்தித் திரிந்த பல வண்ணப் பறவையைப் பங்குனிக் கடைசியில் பார்த்ததாகவும், எடுத்த படமெல்லாம் கலங்கிப்போனதாகவும், அது மீன்கொத்தியாக இருக்குமோ என்றும் எழுதியிருந்தீர்கள். பச்சை முதுகு, கண் வழியே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, வெட்டிவிட்ட மாதிரி குட்டை வால் என்றால் ஆறுமணிக்குருவிதான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, ஏப்ரல், மே வாக்கில் குஞ்சு பொரிக்க மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பும். போகிற வழியில் உங்கள் தோப்பில் இறங்கியிருக்கும்.

சரி, படத்துக்கு வருவோம். தோப்பு நிழலில் 1/60 நொடி ஷட்டர் வேகம் போதாது. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏற்றி 1/250 ஆவது வையுங்கள். படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். தேடி நடக்காதீர்கள். போன வருஷம் நான் அப்படித்தான் காய்ந்த மட்டையை மிதித்தேன். படக்கென்று ஒரு சத்தம், பறவை போயே போச்சு. சருகு குவிந்த இடத்துக்கு முப்பதடி தள்ளி, மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். விடியலிலும் பொழுது சாயும்போதும் அதன் இரட்டை விசில் கேட்கும். சருகைப் புரட்டும், இரண்டு தத்து தத்தும், அப்புறம் சிலை மாதிரி நிற்கும். அப்போது அழுத்துங்கள்.

செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம், இரை தேடும் நேரம் வீணாகும். சருகைக் கூட்டி எரிக்கிற வேலை இருந்தால், அதையும் சித்திரை முடியத் தள்ளிப் போடுங்கள்.