விண்டோஸ்ல டிஸ்க்க சரிபாக்குற செக்டிஸ்க் (chkdsk) ஓட்டியும் டிரைவ் சரியாகல, ஃபார்மேட் பண்ணவானு கேட்டுட்டே இருக்கு, என்ன செய்யலாம்?
மொதல்ல அந்த ஃபார்மேட் கேள்விக்கு கேன்சல் அடிங்க. செக்டிஸ்க்கையும் திரும்பத் திரும்ப ஓட்டாதீங்க, அது ஃபைல் சிஸ்டத்தோட கணக்க, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற பதிவ, நேர் பண்ணத்தான் பாக்கும், உங்க ஃபைலக் காப்பாத்துறது அதோட வேலை இல்ல, ஒத்துவராத என்ட்ரிய வெட்டி விட்டுட்டுப் போயிட்டே இருக்கும். டிரைவ் 'ரா'னு (RAW, ஃபைல் சிஸ்டத்த விண்டோஸால அடையாளம் காண முடியலன்னு அர்த்தம்) காட்டுச்சுன்னா செக்டிஸ்க் ஓடவே ஓடாது.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல ஸ்மார்ட் (SMART) விவரம், அதாவது டிஸ்க் தன்னோட நிலைமையப் பத்தி வச்சிருக்க பதிவு, பாருங்க. ஹார்ட் டிஸ்க்னா அந்தப் பட்டியல்ல 05, சி5 (C5) ரெண்டு வரியும் முக்கியம், 05 கெட்டுப்போனதால மாத்தி வச்ச செக்டர் (டிஸ்க்கோட சின்னப் பகுதி), சி5 படிக்க முடியாம நிக்கிற செக்டர், இந்த எண் ஏறிட்டே போனா டிஸ்க்கே சாகுதுன்னு அர்த்தம், எந்த சாஃப்ட்வேரும் அத ரிப்பேர் பண்ணாது. டேட்டா போய் வர்றப்ப வர்ற பிழையக் காட்டுற சி7 (C7) மட்டும் ஏறுதுன்னா பெரும்பாலும் கேபிள்தான், மாத்திப் பாருங்க, இத பாக்காமலே டிஸ்க்கத் தூக்கிப் போடுறவங்க உண்டு.

டேட்டா வேணும்னா லினக்ஸ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கிற (ddrescue) டிஸ்க் நகல் எடுக்குற கருவிய வச்சு மொத்த டிஸ்க்கையும் அதவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குல இமேஜா, அதாவது ஒரே ஃபைலா முழு நகல், எடுங்க, டிடிரெஸ்க்யூ நல்லா இருக்க பகுதிய மொதல்ல எடுத்துட்டு அடம்பிடிக்கிற எடத்துக்கு அப்புறமா வரும், எதுவரைக்கும் எடுத்துச்சுனு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் குடுத்துட்டா நடுவுல நின்னாலும் விட்ட எடத்துலேருந்து தொடரும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி ஃபைல மீட்குற சாஃப்ட்வேர் எல்லாம் அந்த இமேஜ் மேலதான் ஓட்டணும், ஒரிஜினல்ல கை வைக்காதீங்க.

டக் டக்னு சத்தம் வந்துச்சுன்னா இது எதுவுமே வேணாம், உடனே பவர ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க.