சோயா மெழுகுவர்த்தி வெள்ளைபூத்தும் குழிவிழுந்தும் போவதற்கு மெழுகுதான் காரணமா?

வண்ணம் சேர்த்த மெழுகுவர்த்தியில் வெள்ளைப் படிவு, திரியைச் சுற்றிக் குழி, கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் பட்டது போன்ற திட்டு ஆகிய மூன்றும் வருவதாகத் திருப்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மெழுகு மட்டமோ என்று ஐயப்பட்டு வேறு கடையில் வாங்க எண்ணுவதாகவும் சொல்கிறீர்கள். கோவையில் வீட்டிலேயே செய்து விற்றுவருபவள் என்ற முறையில் நான் கண்டவரை, இவற்றில் பெரும்பாலானவை மெழுகின் குறையல்ல, ஆறவைக்கும் இடத்தின் குறை.

வெள்ளைப் படிவை முதலில் எடுத்துக்கொள்வோம். சோயா மெழுகு என்பது ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட சோயா எண்ணெய், அதாவது கெட்டியாக்கப்பட்ட கொழுப்பு. ஊத்துக்குளி நெய் மெதுவாக ஆறினால் மணல் மணலாகவும் சட்டென்று குளிர்ந்தால் வழவழப்பாகவும் உறைவதைப் போல, இந்தக் கொழுப்பும் சூழலுக்கேற்பப் பல வடிவப் படிகங்களாக உறையக்கூடியது. அப்படிகங்கள் நாளடைவில் வேறு வடிவத்திற்கு மாறி மேற்பரப்பில் தெரிவதே நீங்கள் காணும் வெண்மை. அது பூஞ்சையும் அன்று, அழுக்கும் அன்று. எரிவதையோ மணத்தையோ கெடுப்பதில்லை. வண்ணமில்லாத மெழுகிலும் அது உண்டு, வெள்ளையில் வெள்ளை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வெப்பநிலை ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் குறையுமே தவிர முற்றாக ஒழியாது. ஆகவே கருநீலம், அரக்குச் சிவப்பு போன்ற அடர்நிறங்களைச் சோயா மெழுகில் முயலாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஈரத்திட்டில் உண்மையில் ஈரமே இல்லை. உறையும்போது மெழுகு சுருங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் விரைந்து குளிர்ந்தால் அங்கே கண்ணாடியை விட்டு விலகி இடையில் காற்றுப் புகுகிறது. நம் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று சன்னலைத் திறந்தால் வீடு முழுவதும் வீசும் என்பதையும், நாம் வழக்கமாகக் குவளைகளை வைக்கும் சமையல் மேடை சில்லென்ற கருங்கல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்! குவளைகளைக் கழுவி, ஈரமின்றித் துடைத்து, கைக்கு இதமான சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரியில் வைத்துக்கொண்டு, பலகையின் மீது மூன்று விரல் இடைவெளியில் நிறுத்தி, ஊற்றியதும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். மின்விசிறி வேண்டாம். ஒரே போசியில் உருக்கிய மெழுகைப் பாதி பெட்டிக்குள்ளும் பாதி மேடையிலும் ஆறவிட்டால் வேறுபாடு மறுநாளே தெரிந்துவிடும்.

குழி விழுவதற்கும் சுருக்கமே காரணம்: மேலே ஆடை கட்டிய பிறகும் உள்ளே திரவமாக இருக்கும் மெழுகு பின்னர் சுருங்கி வெற்றிடம் விடுகிறது. ஆகவே ஊற்றும்போது உள்ள சூட்டைக் கவனியுங்கள்; கலனில் ஊற்றும் வகை மெழுகுகள் பலவற்றுக்கு 55 முதல் 60 டிகிரி பொருந்தும். உங்கள் பொட்டலத்தில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். காற்று கலக்காமல் மெல்லிய தாரையாக ஊற்றி, பாதி உறைந்ததும் திரியருகே குச்சியால் குத்திப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மிச்சம் வைத்திருந்த மெழுகைச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றி நிரப்பலாம். மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருந்தால் ஹீட் கன் எனப்படும் சூடான காற்றை ஊதும் கருவியால் மேலடுக்கை உருக்கினால் போதும். ஹேர் டிரையர் தூசியையும் சேர்த்து ஊதும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

மேற்பரப்பு வழவழப்பாக வரவேண்டுமென்று தேங்காயெண்ணெய் சேர்க்கும் வழக்கமும் உண்டு. மார்கழியில் அது தொல்லை தராது. ஆனால் எண்ணெய் மெழுகை மேலும் இளக்கும். இவ்வகை மெழுகு பலவும் 50 டிகிரிக்குள் உருகுபவை, ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடும். அப்போது வாசனை எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து மேலே நிற்கும். 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 8 கிராம் வாசனை எண்ணெய் போதும், அதையும் மூடியால் அளக்காமல் தராசில் நிறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வியர்த்துவிட்டால் தாளால் ஒற்றியெடுத்த பின்னரே திரியைப் பற்றவையுங்கள், ஏனெனில் தேங்கிய எண்ணெயிலேயே தீப்பிடிக்கக்கூடும்.