ஈரானியப் பெண்களின் நிலை: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): மன்னராட்சியில் சுதந்திரமாக இருந்த பெண்கள் 1979 இஸ்லாமியப் புரட்சியோடு எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்பது சரியா?

பதில்: பாதி சரி. 1963இல் வாக்குரிமையும், 1967இல் குடும்பப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மணவிலக்கில் நீதிமன்றத்தின் துணையும் கிடைத்தன. புரட்சி வென்ற சில வாரங்களிலேயே அச்சட்டம் ஓரங்கட்டப்பட்டது; பின்னர், நீதிபதியாக இருந்த ஷிரின் எபாடி எழுத்தர் பணிக்கு இறக்கப்பட்டார். ஆனால் 1936இல் மன்னர் ரெசா ஷா ஹிஜாபுக்குத் தடை விதித்து, காவலர்கள் தெருவில் அதைப் பறித்தபோது, வெளியே வர அஞ்சி வீட்டிலேயே முடங்கிய பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி (ஆசிரியர் ஒருவர்): இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே பெண்கல்வி எப்படி வளர்ந்தது?

பதில்: ஈரானைப் பற்றிப் பேசும் பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. புரட்சிக்குப் பின் பெண்களுக்குத் தனிப் பள்ளி, ஆசிரியைகள், கட்டாய ஹிஜாப் என்றானபின், அதுவரை தயங்கிய ஆசாரமான குடும்பங்களுக்கு மகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்கக் காரணம் குறைந்தது. ஆட்சியாளர்கள் விரும்பிய ஒழுங்கே அவர்கள் எதிர்பாராத ஒரு தலைமுறையை உருவாக்கியது. 2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். கிராமச் சுகாதார நிலையங்களும் 1989க்குப் பிந்தைய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் சேர்ந்துகொள்ள, 1980களில் ஆறுக்கு மேலிருந்த சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2000 வாக்கில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. இந்த வளர்ச்சி ஆட்சியாளர்களை உறுத்தியிருக்க வேண்டும்: 2012இல் பல பல்கலைக்கழகங்கள் சில படிப்புகளில் பெண்களைச் சேர்க்க மறுத்தன.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): படித்தவர்கள் வேலைக்குப் போகிறார்களா?

பதில்: பெரும்பாலோர் போவதில்லை. பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குடும்ப மரியாதைக்கு ஒவ்வாதது என்று கருதும் வேலைக்கு மனைவி போவதைத் தடுக்கக் கணவனுக்குக் குடிமைச் சட்டத்தின் 1117ஆம் பிரிவு இடம் தருகிறது; மணமான பெண்ணின் கடவுச்சீட்டுக்கும் கணவனின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் கிடைக்காததால், 2015இல் மலேசியாவில் நடந்த ஆசிய ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) போட்டிக்குத் தேசிய அணித் தலைவி நிலூஃபர் அர்தலானால் போக முடியவில்லை.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): மஹ்சா அமினியின் மரணத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

பதில்: ஹிஜாபைப் பொறுத்தவரை மாறியது. ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவல்துறையால் பிடித்துச் செல்லப்பட்ட அவர் 2022 செப்டம்பர் 16 அன்று இறந்தபின் எழுந்த போராட்டம் கடுமையாக ஒடுக்கப்பட்டாலும், டெஹ்ரானில் தலையை மூடாமல் நடமாடும் பெண்கள் இன்று சாதாரணக் காட்சி. நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடுமையான புதிய ஹிஜாப் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதும் 2024 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. மணவிலக்கு, வாரிசுரிமை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் பழைய விதிகளை இந்தப் போராட்டத்தால் அசைக்க முடியவில்லை.