1951 பாப்புலர் மெக்கானிக்ஸ் அட்டையில் வந்த கராஜ் ஹெலிகாப்டர் ஏன் நிஜத்தில் வரவில்லை?

தொப்பி போட்ட ஒருவர் குட்டி ஹெலிகாப்டரைத் தன் வீட்டு கராஜுக்குள் தள்ளுவாரே, 1951 பிப்ரவரி இதழின் அந்த அட்டைதானே? அது முழுக் கற்பனை இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹில்லர் நிறுவனம் 'ஹார்னெட்' என்ற இருவர் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக் கொண்டிருந்தது.

யோசனை அழகானது. தலைக்கு மேல் சுழலும் இறக்கையின் நுனிக்கு ஒன்றாக, ராம்ஜெட் என்ற எளிய ஜெட் இன்ஜின் இரண்டு. நுனியிலேயே உந்துவதால் உடல் எதிர்த்திசையில் சுழலாது. கனமான கியர்பாக்ஸும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும்.

கோளாறும் அந்த நுனியில்தான். ராம்ஜெட்டில் காற்றை அழுத்த கம்ப்ரசர் கிடையாது, ஓடும் வேகமே அழுத்தவேண்டும். நின்ற இடத்தில் அது வெறும் குழாய். அதனால் முதலில் வேறொரு சின்ன இன்ஜின் இறக்கையைச் சுற்றிவிட வேண்டும். முழுச்சுற்றில்கூட, நுனி ஒலியின் வேகத்தில் 0.6 பங்கு போகிறது என்று வையுங்கள்: கிடைக்கும் அழுத்த உயர்வு அதிகபட்சம் 28 சதவீதம். அன்றைய சாதாரண கார் இன்ஜினே காற்றை ஆறேழில் ஒரு பங்காக நசுக்கியது! விளைவு, எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். பறக்கும் தூரம் சொற்பம். சத்தமோ காதைப் பிளக்கும். இரவில் தலைக்கு மேல் நெருப்பு வளையம் வேறு.

இன்ஜின் அணைந்தால் இன்னும் மோசம். சாதாரண ஹெலிகாப்டர் இறக்கை தானாகச் சுழன்று மெதுவாக இறக்கிவிடும். இதிலோ அணைந்த குழாய்கள் காற்றைத் தடுத்து அந்தச் சுழற்சியைத் தின்னும், இறக்கம் செங்குத்தாகிவிடும்.

ஓவியர் இதில் எதையும் வரையவில்லை. அட்டையில் சத்தம் கேட்காதே.