குரங்கு, பரோட்டா, ஜெனரல் சைக்காலஜி

அன்புள்ள மேடம்,

கோவையில் பி.எஸ்சி. சைக்காலஜி முதலாண்டு படிக்கிறேன். ஸ்டடி லீவுக்குக் கோத்தகிரி வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் ஜெனரல் சைக்காலஜி பேப்பர். புத்தகத்தை இரண்டு தடவை முழுசாகப் படித்து, முக்கியமான இடமெல்லாம் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. மூடிவிட்டு யோசித்தால் பாவ்லோவும் ஸ்கின்னரும் குழம்புகிறார்கள், நெகடிவ் ரீயின்போர்ஸ்மென்டும் தண்டனையும் ஒன்றாகவே தெரிகின்றன. தவிர, எல்லாமே எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்தில் நடந்தவை, நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மிச்சமிருக்கும் நாளில் எதைப் படிப்பது, எதை விடுவது?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மஞ்சள் பேனாவை மூடி வையுங்கள். "தெரிந்த மாதிரியே இருக்கிறது" என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். கண்ணில் பட்டதை அடையாளம் கண்டுகொள்வது ஒரு வேலை, எதையும் பார்க்காமல் மனதிலிருந்து வரவழைப்பது வேறு வேலை. தேர்வு கேட்பது இரண்டாவதை, நீங்கள் இரண்டு தடவையும் பழகியது முதலாவதை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு அடுத்த வாரம்தானே, ஐந்து நிமிடத்தில் இல்லையே.

ஆகவே புத்தகத்தை மூன்றாவது முறை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வெள்ளைத் தாளில் தலைப்பை மட்டும் எழுதிக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் கொட்டுங்கள், அப்புறம் திறந்து பார்த்து விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். முதல் தாள் கேவலமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு நாள் விட்டு அதே தலைப்பை மறுபடி எழுதுங்கள்.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருவோம். பாவ்லோவையும் ஸ்கின்னரையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: செயலுக்கு முன்னால் வருவது முக்கியமா, பின்னால் வருவதா? சோற்றோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியோசைக்கு எச்சில் ஊறுவது நாய் யோசித்துச் செய்வது இல்லை, முன்னால் வந்த ஒலி அதை இழுத்துக்கொண்டு வருகிறது. அது பாவ்லோவ். ஒன்றைச் செய்தபிறகு என்ன கிடைத்தது, என்ன போனது என்பதைப் பொறுத்து அந்தச் செயல் கூடுவதும் குறைவதும் ஸ்கின்னர்.

நெகடிவ் ரீயின்போர்ஸ்மென்டுக்கு நீங்கள் ஆய்வகத்துக்கெல்லாம் போக வேண்டாம், மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகளை ஓரங்கட்டும் இடத்துக்குப் போனால் போதும். கீழேயிருந்து வந்த ஒரு அம்மா கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு இறங்குகிறார். குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே வருகிறது, அவர் அலறிப் பொட்டலத்தை வீசுகிறார், குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரே நொடியில் இரண்டு பாடம் நடந்துவிட்டது. குரங்குக்குக் கடலை வந்தது, இனி இன்னும் அதிகமாகப் பல்லைக் காட்டும். அது பாசிடிவ் ரீயின்போர்ஸ்மென்ட். அந்த அம்மாவுக்குப் பயம் போனது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வீசுவார். இது நெகடிவ் ரீயின்போர்ஸ்மென்ட். வேண்டாத ஒன்று விலகியதால் செயல் கூடியது, அவ்வளவுதான். இங்கே நெகடிவ் என்பது கழித்தல் குறி, கெட்டது என்ற பொருளே அதில் இல்லை. அவரை யாரும் தண்டிக்கவும் இல்லை.

தண்டனை என்றால் செயல் குறைய வேண்டும். டிரைவர் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டுகிறார், குரங்கு அந்த வண்டிப் பக்கமே வருவதில்லை என்றால் அது பாசிடிவ் தண்டனை, ஏனென்றால் ஒன்று சேர்ந்தது, செயல் குறைந்தது. குரங்கைச் சீண்டிய பையனிடமிருந்து அப்பா போனைப் பிடுங்குகிறார், பையன் சீண்டுவதை நிறுத்துகிறான், அது நெகடிவ் தண்டனை. எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டே சோதனை: ஏதோ வந்ததா, போனதா? செயல் கூடியதா, குறைந்ததா?

குரங்கை இன்னும் விடாதீர்கள். எல்லா வண்டியிலிருந்தும் பொட்டலம் விழுவதில்லை, எத்தனையாவது வண்டியில் விழும் என்றும் அதற்குத் தெரியாது. இதுதான் வேரியபிள் ரேஷியோ. இப்படி அவ்வப்போது மட்டும் பலன் கிடைத்த பழக்கம், ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கத்தைவிட அழியத் தாமதமாகும். "குரங்குகளுக்கு உணவளிக்காதீர்" என்ற போர்டை நூறு பேரில் தொண்ணூறு பேர் மதித்தும் குரங்கு ஏன் திருந்தவில்லை என்று யாராவது கேட்டால், மிச்சம் பத்துப் பேரைக் காட்டுங்கள்.

பாவ்லோவுக்கு உங்கள் பஸ்ஸே போதும். வளைவில் வளைவில் குமட்டிப் பழகியவருக்கு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் டீசல் வாசனையே வயிற்றைப் புரட்டும். இதில் வளைவு எது, வாசனை எது என்று இயல்பான தூண்டல், இயல்பான துலங்கல், பழகிய தூண்டல், பழகிய துலங்கல் என்ற நான்கு பெயரையும் நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். இன்னும் சுவாரசியமானது, மேட்டுப்பாளையத்தில் பரோட்டா சாப்பிட்டு மேலே வரும் வழியில் வாந்தி எடுத்தவர் வருஷக்கணக்கில் பரோட்டாவைத் தொடாமல் இருப்பது. குற்றவாளி சாலைதான், பழி பரோட்டாவுக்கு. 1966-இல் கார்சியா என்ற உளவியலாளர் எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான். உடம்பு சரியில்லாமல் போனால் எலி சுவையைச் சந்தேகிக்கிறது, ஷாக் அடித்தால் வெளிச்சத்தையும் சத்தத்தையும் சந்தேகிக்கிறது. எதையும் எதோடும் இணைத்துவிடலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அடி. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் உங்கள் விடை மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

இதே மாதிரி ஜோடி ஜோடியாகப் பிடியுங்கள், கேள்வித்தாளில் வித்தியாசம் கேட்பதுதான் அதிகம். ரேண்டம் சாம்பிளிங் (ஆய்வுக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது), ரேண்டம் அசைன்மென்ட் (தேர்ந்தெடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பது). புலனுணர்வு (கண், காது வாங்குவது), புலன்காட்சி (வாங்கியதை மனம் புரிந்துகொள்வது). பழையது புதியதை மறக்கடிப்பது, புதியது பழையதை மறக்கடிப்பது. தொடர்பு, காரணம்: ஊட்டியில் மலர்க்காட்சிக் கூட்டம் கூடும் மாதத்தில் கோவையில் இளநீர் விற்பனையும் கூடுகிறது, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் இல்லை, இரண்டுக்கும் பின்னால் இருப்பது சமவெளியின் வெயில். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேவுக்கு, வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் ஒரே அளவு தண்ணீரைக் குட்டை டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்கு மாற்றிக் காட்டி எதில் அதிகம் என்று கேளுங்கள், பெரும்பாலும் உயரமானதைக் காட்டும், பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது.

விட வேண்டியது? வருஷங்கள். லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கிய 1879, எபிங்காஸ் தன்னையே சோதித்து மறதியை அளந்து வெளியிட்ட 1885, இப்படிக் கைவிரலில் அடங்குகிற அளவு போதும். ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாறும் வேண்டாம். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறை ஆய்வை எழுதினால் அதன்மேல் வந்த விமர்சனத்தையும் சேர்த்தே எழுதுங்கள், இன்று அதைக் கேள்வி கேட்காமல் எழுதுவது பலவீனம்.

கடைசியாக, நம் ஊருக்குச் சம்பந்தமில்லை என்ற உங்கள் புகார். இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் கற்பித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் இதே நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் பார்வை, வலி உணர்வு, கண்மாயம் எல்லாம் சோதித்திருக்கிறார். உங்கள் புத்தகத்தில் அம்புமுனை வைத்த இரண்டு கோடு படம் இருக்குமே, ஒரே நீளமாக இருந்தும் ஒன்று நீளமாகத் தெரியுமே, முல்லர்-லயர், அதில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ஒரே நீளமுள்ள படுத்த கோட்டைவிட நின்ற கோடு நீளமாகத் தெரியும் படத்தில் ஆங்கிலேயர்களைவிட அதிகமாக ஏமாந்தார்கள். பார்வை மந்தம்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே பக்கமாகத்தானே சாய்ந்திருக்க வேண்டும்? வளர்ந்த சூழல் கண்ணைப் பழக்குகிறது, செங்கோண மூலைகள் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் முதல் படத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று 1966-இல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் வாதிட்டார்கள். அந்த விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. புலன்காட்சிக் கேள்வி வந்தால் படத்தை வரைந்து, பக்கத்தில் ரிவர்ஸ், தோடர், நீலகிரி என்று எழுதுங்கள். பேப்பர் திருத்துகிறவர் அன்றைக்கு எத்தனை பாவ்லோவ் நாய்களைப் பார்த்துச் சலித்திருப்பாரோ, உங்கள் தாளில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.