நாற்காலி குறையட்டும், பிள்ளைகள் குறைய வேண்டாம்

கேள்வி: என் வகுப்பில் இரண்டு சமூகத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரியவர்களின் பகை அவர்களிடமும் ஒட்டிக்கொண்டது. ஒற்றுமை வரட்டும் என்று விளையாட்டுப் போட்டி வைத்தேன்; சண்டைதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் போட்டியை நிறுத்துங்கள், டீச்சர். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரு அணிகளாகப் பிரித்தார். ஒரே மாதிரிக் குடும்பத்துப் பையன்கள்தான். ஆனாலும் போட்டி தொடங்கியதுமே எதிரணியின் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால், அதையே வாரி வீசினார்கள். அப்புறம் சாப்பாடு வாங்கப் போகும் லாரி நின்றுவிட்டதாக ஏற்பாடு. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே பிடித்த கயிற்றையே லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகுதான் பகை தணிந்தது.

நீங்கள் நாற்காலி விளையாட்டை மாற்றி ஆடவையுங்கள். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு நாற்காலியை எடுங்கள். பிள்ளைகள் யாரும் வெளியேற வேண்டாம். மிச்சமுள்ள நாற்காலிகளில் அத்தனை பேரும் இடம் பிடிக்க வேண்டும். விழப்போகிறவளை யாராவது பிடித்துத்தான் ஆக வேண்டும். மொழி தெரியாத பிள்ளைக்கும் இது புரியும். தொடக் கூச்சப்படுகிறவர்கள் இருந்தால், பெரிய துணியைச் சுற்றி நின்று பிடித்து, நடுவில் பந்தை உருட்டச் சொல்லுங்கள்.

குழுவை நீங்களே கலந்து பிரியுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். ஒரு நாளில் எதுவும் மாறாது. வாரம் தவறாமல் ஆடட்டும்.